தொண்டிலிருந்து துறவுக்கு: சுவாமி சிவானந்தர் மருத்துவமனையை விட்டுப் போனாரா, எடுத்துக்கொண்டு போனாரா?

கேள்வி: பணிஓய்வுச் செவிலி (யீஷூன், சிங்கப்பூர்)

அனைவருக்கும் வணக்கம். முப்பத்து நான்கு ஆண்டுகள் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். என் வீட்டில் எழுந்துள்ள ஒரு கேள்விக்கு, சமயத்தையும் அதன் வரலாற்றையும் அறிந்தவர்கள் பொறுமையாக விடை சொல்ல வேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன்.

என் தம்பிக்கு ஐம்பத்து நான்கு வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உதவித்தொகை ஏற்பாடு செய்யும் ஓர் அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறான். அலுவலகம் மூடினாலும் அவனுக்கு வேலை முடிவதில்லை. ஓரறை வாடகை வீட்டில் தனியாக வசித்த ஒரு சீன முதியவரைச் சனிக்கிழமை தோறும் போய்ப் பார்த்து வந்தான். அவருக்குக் கை நடுக்கம்; தன் நகத்தைத் தானே வெட்டிக்கொள்ள இயலாது. ஒருமுறை நானும் உடன் போயிருந்தேன். தரையில் பழைய நாளிதழை விரித்து, அவருடைய கால்களைப் பிளாஸ்டிக் வாளியில் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, துடைத்து, ஒவ்வொரு காலாகத் தன் மடியில் ஏந்தி, தடித்து மஞ்சளாகிப் போயிருந்த நகங்களை ஓரத்திலிருந்து சிறிது சிறிதாக நறுக்கினான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் எத்தனையோ நோயாளிகளின் காலைத் தொட்டவள்தான். ஆனால் அடுத்த கட்டில் காத்திருக்கிறது என்ற நினைப்பு இல்லாமல் தொட்டேனா என்று அன்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

அந்த முதியவர் சென்ற ஆண்டு காலமானார். தகனம் முடிந்து மூன்று நாள் கழித்துத்தான் தம்பிக்குச் செய்தி வந்தது. கோப்பு முடிக்கப்பட்டது என்ற ஒரு வரியாக வந்தது. அதன் பிறகு அவன் பேச்சு குறைந்தது. ரிஷிகேசத்துச் சுவாமி சிவானந்தரின் வாழ்க்கையைப் படிக்கத் தொடங்கினான். ஆவணி மாதத்தில் ஒரு நாள் இரவு, சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, "அக்கா, இந்த ஆண்டு முடிவில் வேலையை விட்டுவிட்டு ரிஷிகேசத்துக்குப் போகிறேன், திரும்பி வருவதாக எண்ணமில்லை" என்றான். எண்பத்து மூன்று வயதான எங்கள் அம்மா என்னோடுதான் இருக்கிறார். பணத்துக்குக் குறைவில்லை. அவன் தன் பங்குக்கு எல்லாம் எழுதி வைக்கிறேன் என்கிறான். நான் கேட்பது பணத்தைப் பற்றியது அன்று.

சிவானந்தரும் மருத்துவராக இந்த மலாயா மண்ணில் பத்தாண்டுகள் உழைத்துவிட்டுத் துறவு பூண்டவர் என்று தம்பி சொல்கிறான். அப்படியானால் அவர் நோயாளிகளை விட்டுவிட்டுத்தானே போனார்? நகம் வெட்டிவிடக் கை இருப்பவன் அந்தக் கையை மடக்கிக்கொண்டு கங்கைக் கரையில் உட்கார்வது எப்படி மேலான வாழ்க்கை ஆகும்? தொண்டு ஒரு படி, துறவு அதற்கு மேற்படி என்று நம் பெரியவர்கள் உண்மையிலேயே கருதினார்களா? அவனைத் தடுப்பதற்காக இதைக் கேட்கவில்லை. அவனை வழியனுப்ப வேண்டுமானால் மனம் தெளிந்து அனுப்ப விரும்புகிறேன்.


மறுமொழி 1: உட்லண்ட்ஸ்வாசி

வணக்கம் அக்கா. தாங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். சுவாமி சிவானந்தரின் வாழ்க்கையை முப்பது ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற முறையில், அறிந்ததைச் சொல்கிறேன். சற்று நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் 8.9.1887 அன்று, பாய்க்குப் பெயர் பெற்ற பத்தமடையில் பிறந்தார், இயற்பெயர் குப்புசாமி. அத்வைத அறிஞர் அப்பைய தீட்சிதரின் வழி வந்த குடும்பம். தந்தை வேங்கு ஐயர் எட்டயபுரம் ஜமீனில் தாசில்தாராக இருந்தவர். அண்ணன்மார் இருவரில் ஒருவர் எட்டயபுரம் ராஜாவிடம் உதவியாளர், மற்றவர் அஞ்சல் நிலையங்களின் ஆய்வாளர். ஆக, பொதுப்பணி என்பது அந்த வீட்டில் அன்றாடப் பேச்சு. தங்கள் தம்பியின் நிலையோடு ஒப்பிட வேண்டியிருப்பதால் இதையும் சொல்கிறேன்: அவர் கடைசிப் பிள்ளை, மணமாகாதவர், வீட்டைப் பார்த்துக்கொள்ள மூத்தவர்கள் இருந்தார்கள்.

தஞ்சாவூரில் மருத்துவம் படித்தார். 1909இல், இருபத்திரண்டு வயதிலேயே, 'அம்புரோசியா' என்ற மருத்துவ இதழைத் தொடங்கி நடத்தினார். தெரிந்துகொண்டதைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தெரியாதவர் என்பது அப்போதே தெரிகிறது. 1913இல் கப்பலேறி மலாயா வந்தார். ஆசாரக் குடும்பத்துப் பிள்ளை என்பதால் கப்பல் சாப்பாட்டைத் தொட மனமில்லாமல், அம்மா கட்டிக் கொடுத்த பலகாரத்தையே தின்றுகொண்டு வந்து, கரை இறங்கும்போது பாதி உயிராக இருந்தாராம். கையில் வேலை இல்லை. அறிமுகக் கடிதம் மட்டுமே இருந்தது. சிரம்பானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்து மேலாளர், முரட்டுக் குணத்துக்குப் பெயர் போன வெள்ளைக்காரத் துரை, "ஆஸ்பத்திரியை நீ ஒருவனே கவனித்துக்கொள்வாயா?" என்று கேட்டபோது, மூன்று ஆஸ்பத்திரியையும் கவனிப்பேன் என்று பதில் சொல்லி அந்த வேலையைப் பெற்றார். அங்கே ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். பிறகு ஜோகூரில் ஒரு மருத்துவ அலுவலகத்தில் மூன்று ஆண்டுகள்.

அந்தக் காலத்துத் தோட்ட ஆஸ்பத்திரி என்றால் என்ன என்பதை நாம் கொஞ்சம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். காட்டை வெட்டித் திருத்திய நிலம், தேங்கிய தண்ணீர், மலேரியா. கங்காணி கூட்டிவந்த தமிழ்ச் சனம், வந்த முதல் ஆண்டிலேயே காய்ச்சலில் சுருண்டு விழும். மலேரியா மருந்தான கொயினாவைக் கொடுப்பதோடு டாக்டர் வேலை முடிந்துவிடாது. நோயாளி தன் வலியை எந்தச் சொல்லால் சொல்கிறான் என்று புரிந்துகொள்ள வேண்டும். அங்கிருந்த காலத்தில் குப்புசாமி சில மருத்துவ நூல்களை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று நோய்களையும் அவற்றுக்கான தமிழ்ச் சொற்களையும் தொகுத்தது. அவருடைய தத்துவ நூல்கள் எல்லாவற்றையும் விட எனக்கு நெருக்கமானது அந்தச் சிறு நூல்தான் என்பேன். "நெஞ்சைக் கரிக்கிறது", "காலு இழுக்குது" என்று ஒரு தொழிலாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டவரால்தான் அப்படி ஒன்றை எழுதியிருக்க முடியும். ஏழைகளிடம் காசு வாங்காததோடு, பத்தியச் சாப்பாட்டுக்குத் தன் கையிலிருந்தே கொடுத்தனுப்பியவர் என்று அவரை அறிந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு என்ன ஆயிற்று? ஒரு சாது அவரிடம் சிகிச்சை பெற்றுப் போகும்போது, ஜீவனும் பிரம்மமும் ஒன்று என்பதை விளக்கும் ஒரு நூலைக் கொடுத்துவிட்டுப் போனார். அது ஒரு பொறி. ஆனால் பொறி விழுவதற்கு முன்பே விறகு காய்ந்திருந்தது என்பது என் கருத்து. பத்தாண்டுகள் நோயைத் தீர்த்துப் பார்த்தவருக்கு, தீர்த்த நோய் திரும்பி வருவதும் தீராத நோயாளி கண்ணெதிரே போவதும் பழகிப் போகவில்லை. தங்கள் தம்பிக்கு அந்த முதியவரின் செய்தி வந்த விதம் பழகிப் போகாதது போல.

1923இல் மலாயாவை விட்டார். என் வீட்டுச் சன்னலிலிருந்து ஜோகூர் நீரிணை தெரியும். இரவில் சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் பாலத்தின் மேல் வண்டிகளின் விளக்கு ஊர்வதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று நினைவுக்கு வரும். அந்தப் பாலம் முறையாகத் திறந்து வைக்கப்பட்டது 28.6.1924 அன்று. அதற்கு நான்கு வாரம் முன்பு, 1.6.1924 அன்று, ரிஷிகேசத்தில் விசுவானந்த சரஸ்வதி என்னும் துறவியிடம் அவர் காவி பெற்றுவிட்டார். தினமும் பல்லாயிரம் பேர் வேலைக்குப் போய்வரும் அந்த வழி திறக்கும்போது, அக்கரையில் நல்ல சம்பளத்தில் இருந்த ஒரு மருத்துவர் கங்கைக் கரையில் பிச்சைச் சோறு உண்டுகொண்டிருந்தார்.

இடையில் ஓர் ஆண்டு உண்டு. பலரும் ஒரு வரியில் கடந்து போகும் ஆண்டு. சென்னையில் இறங்கி, காசிக்குப் போனார். பிறகு வடக்கே அலைந்து திரிந்து, மராட்டியப் பகுதியில் தாளஜ் என்னும் ஊரின் அஞ்சல் தலைவர் வீட்டில் வேலைக்காரராக இருந்தார். சமைத்தார், பெருக்கினார், அவர் சொன்ன வேலையைச் செய்தார். தோட்டத்து மக்கள் எல்லாம் 'டாக்டர் ஐயா' என்று கும்பிட்ட மனிதர் அடுப்பூதினார். அக்கா, தாங்கள் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தொண்டில் ஓர் ஆபத்து உண்டு: கொடுப்பவன் எப்போதும் மேலே நிற்கிறான், வாங்குபவன் கீழே நிற்கிறான். பத்தாண்டுகள் மேலே நின்றவர், அந்த உயரத்தைக் கரைக்க அடுப்படிக்குப் போனார். அந்த ஆண்டைத் தாண்டிய பிறகே காவி வந்தது.

காவி வந்த பிறகு என்ன செய்தார் என்று பாருங்கள். ரிஷிகேசத்துச் சுவர்க்காசிரமத்தில் நோயுற்ற சாதுக்களுக்கு மருந்து கொடுத்தார், அவர்களின் மலசலத்தைச் சுத்தம் செய்தார். 1927இல் காப்புறுதிப் பணம் கைக்கு வந்தபோது, அதைக் கொண்டு லட்சுமண் ஜூலாவில் இலவச மருந்தகம் நடத்தினார். பத்ரிநாதம் போகும் யாத்திரிகர் ஒருவருக்கு மருந்து கொடுத்து அனுப்பிவிட்டு, இதைவிட நல்ல மருந்து ஒன்று உண்டே என்று பிறகு தோன்றியதும், அதை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் பல மைல் ஓடி அவரைப் பிடித்துக் கொடுத்த கதை அவருடைய தன்வரலாற்றில் இருக்கிறது. 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவி, 14.7.1963 அன்று சமாதி அடையும் வரை மருந்துப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. சம்பளம் போயிற்று, பதவி போயிற்று, குப்புசாமி என்ற பெயரும் போயிற்று. கை மடங்கவில்லை.


மறுமொழி 2: பால்மரத்துப் பேரன்

மேலே எழுதிய ஐயாவின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அவர் சொன்ன செய்திகளில் எதையும் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதை எப்போதும் காவியுடுத்தியவர் போன திசையிலேயே போகிறது. விட்டு வந்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. என் பாட்டனார் நெகிரி செம்பிலானில் பால்வெட்டுத் தொழிலாளி. விடியற்காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது எழுந்து நிற்க முடியாதவனுக்கு அன்றைய கூலி இல்லை என்று சொல்வார். லயம் என்னும் தொழிலாளர் குடியிருப்பில் ஒருவன் காய்ச்சலில் கிடந்தால், அவனுக்கும் சாவுக்கும் நடுவே நின்றவர் தோட்டத்து டாக்டரும், திரேசர் எனப்படும் மருத்துவ உதவியாளரும்தான். நல்ல டாக்டர் ஒருவர் போய் அடுத்து வருபவர் நல்லவராக இல்லாவிட்டால், அந்த வேறுபாட்டைப் பிணங்களைக் கொண்டுதான் எண்ண முடியும். சிரம்பானிலும் ஜோகூரிலும் குப்புசாமி டாக்டரின் நாற்காலியில் பிறகு யார் உட்கார்ந்தார் என்று எந்த வரலாற்று நூலாவது கேட்டிருக்கிறதா?

துறவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம் தமிழ் மரபே இந்தக் கேள்வியை மிகக் கடுமையாகக் கேட்டிருக்கிறது என்று காட்டவே எழுதுகிறேன். மாணிக்கவாசகரை எடுத்துக்கொள்ளுங்கள். திருவாதவூரர், பாண்டியனின் அமைச்சர், தென்னவன் பிரமராயன் என்று பட்டம் பெற்றவர். குதிரை வாங்க அரசன் கொடுத்தனுப்பிய பணத்தோடு போனவர், திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, எல்லாவற்றையும் மறந்து அந்தப் பணத்தைக் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டார். சிறுவயதில் கதை கேட்கும்போது, நரி பரியான அதிசயத்தோடு நம் மனம் நின்றுவிடும். ஆனால் புராணம் அவரை விட்டுவிடவில்லை. பரிகள் மீண்டும் நரியாகி ஊளையிட்டு ஓடிய பிறகு, அமைச்சரை வைகையின் சுடுமணலில் நிறுத்தினார்கள். இறைவனே ஆட்கொண்ட அடியார்தாம். இருந்தாலும் அது ஊர்ப்பணம், கணக்குக் கேட்கப்பட்டது. அடியாருக்காக இறைவனே இறங்கி வந்து, வந்திக் கிழவியின் கூலியாளாகப் பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி பட்டான் என்று கதையைக் கொண்டுபோனவர்கள், அந்தக் கணக்கைக் கழிக்காமல் விடக்கூடாது என்று நினைத்ததனால்தான் அப்படிச் செய்தார்கள் என்பது நான் கொள்ளும் பொருள்.

தாயுமானவர் போன வழி வேறு. திருச்சிராப்பள்ளியில் விசயரங்க சொக்கநாத நாயக்கரின் அரண்மனையில் கணக்குப் பொறுப்பில் இருந்தவர் அவர். மலைக்கோட்டையில் மௌனகுருவைக் கண்டதும் அப்போதே பின்னால் வந்துவிடத் துடித்தார். குரு சம்மதிக்கவில்லை, இல்லறத்தில் இருந்துவிட்டு வா, காலம் வரும்போது நானே வருவேன், அதுவரை சும்மா இரு என்று சொல்லிப் போய்விட்டார் என்பது வரலாறு. அவர் மட்டுவார்குழலியை மணந்தார், கனகசபாபதி என்ற மகன் பிறந்தான். மனைவி காலமான பிறகு, மகனை உறவினர் பொறுப்பில் ஒப்படைத்த பின்னரே துறந்தார். இராமநாதபுரத்தில் சமாதி அடைந்தார். குருவின் சொல்லை மீறி அவர் உடனே துறந்துவிடவில்லை.

ஆகவே அம்மா, தங்கள் தம்பியிடம் நீ போகலாமா கூடாதா என்று கேட்க வேண்டாம். அவருடைய மேசையில் இப்போது எத்தனை குடும்பங்களின் கோப்பு இருக்கிறது, அவற்றை யார் கையில் கொடுக்கப் போகிறார், அந்தக் கைக்கு என்ன சொல்லித் தரப் போகிறார் என்று கேளுங்கள். அந்த முதியவரின் மரணம் ஒரு வரியாக வந்தது என்று வருந்துகிறவர், மற்றவர்களை வெறும் கோப்பு எண்ணாக இன்னொருவரிடம் தள்ளிவிட்டுப் போனால், அவரை வருத்திய அதே காரியத்தை அவரே செய்தவர் ஆவார். சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டேன். வாடகை வீட்டில் வளர்ந்தவன் நான்; எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த அதிகாரி ஒருவர் மாறிப் போனபோது, அடுத்தவரிடம் எங்கள் கதையை முதலிலிருந்து சொல்ல என் தாயார் பட்ட கூச்சம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.


மறுமொழி 3: பார்ட்லி சாலைத் தொண்டர்

சகோதரிக்கு வணக்கம். ஒரு நடைமுறைச் செய்தியையும் சொல்ல வேண்டும். ரிஷிகேசத்துக்குப் போவதும் சந்நியாசம் பெறுவதும் ஒன்றல்ல. பார்ட்லி சாலையில் இருக்கும் இராமகிருஷ்ண மிஷனில் பல ஆண்டுகள் தொண்டூழியம் செய்ததால், அந்த மடத்தின் முறையை அருகிலிருந்து அறிவேன். இளைஞனாகச் சேர்பவர், சில ஆண்டுகள் எந்தக் கிளையில் என்ன வேலை கொடுத்தாலும் செய்து, தலைமையிடமான பேலூர் மடத்தில் பயிற்சி பெற்று, பிரம்மசரிய தீட்சை பெற்று, மேலும் சில ஆண்டுகள் கழித்தே காவி பெறுகிறார். சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால் ஒன்பது பத்து ஆண்டுகள் ஆகும். தன் விடுதலைக்காகவும் உலகத்தின் நலனுக்காகவும் என்ற இரண்டையும் ஒரே தொடரில் குறிக்கோளாக வைத்தவர் சுவாமி விவேகானந்தர். ஆதலால் அந்த மடத்தில் மருத்துவமனையும் பள்ளியும் சாதனையே. ஒன்றை விட்டால்தான் மற்றது கிடைக்கும் என்ற எண்ணமே அங்கு இல்லை.

சந்நியாச விதியில் ஒருவர் தனக்குத் தானே பிண்டம் வைத்து, இறந்தவராகத் தம்மைக் கருதி, விரஜா ஹோமம் என்னும் வேள்வி செய்கிறார். எந்த உயிருக்கும் என்னால் அச்சம் இல்லை என்று எல்லா உயிர்களுக்கும் வாக்குக் கொடுக்கிறார். வேலையிலும் மனிதர்களிடமும் சலிப்பு வந்த மனம் அந்த வாக்கைக் கொடுக்க முடியாது என்று மூத்த துறவிகள் சொல்வார்கள். அதற்காகவே அத்தனை ஆண்டுகள் காக்க வைக்கிறார்கள். தங்கள் தம்பிக்கு வந்திருப்பது சலிப்பா வைராக்கியமா என்பதை நாம் இங்கிருந்து சொல்ல முடியாது. சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது வருவதை மயான வைராக்கியம் என்று நம் முன்னோர் தனியாகப் பெயரிட்டுப் பிரித்து வைத்தார்கள். ஓராண்டு கழிந்தும் நிலைத்திருக்கிறது என்றால் அதை மதிக்கத்தான் வேண்டும்.

இன்னொருவரைப் பற்றியும் அவரிடம் சொல்லுங்கள். சிவானந்தரின் சீடர் சுவாமி கிருஷ்ணானந்தர், 1943இல் பெல்லாரிப் பகுதியில் ஹோஸ்பேட்டில் அரசு வேலையில் இருந்தவர். அதை விட்டுவிட்டு 1944இல் ரிஷிகேசம் வந்து, 14.1.1946 அன்று, மகர சங்கராந்தியில், தீட்சை பெற்றார். பிறகு அவருக்கு என்ன வாய்த்தது தெரியுமா? 1961 முதல் 2001 வரை, நாற்பது ஆண்டுகள், சங்கத்தின் பொதுச் செயலாளர் பொறுப்பு. கடிதம், கணக்கு, கட்டடம், வருவோர் போவோர், வழக்கு, வம்பு எல்லாம் அவர் மேசைக்கு வந்தன. அவற்றுக்கு நடுவிலேயே உபநிடதமும் நடத்தினார். அலுவலகத்தை விட்டு ஓட நினைப்பவருக்கு ஆசிரமத்திலும் ஓர் அலுவலகம் காத்திருக்கும். அதை வேண்டாவெறுப்பாக ஏற்பவர் நிலைக்கமாட்டார் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.


மறுமொழி 4: பணிஓய்வுச் செவிலி (யீஷூன்)

மூவருக்கும் என் நன்றி. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தார். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்.

தாங்கள் எழுதிய அனைத்தையும் தம்பியிடம் வாசித்துக் காட்டினேன். உட்லண்ட்ஸ் ஐயா எழுதிய தாளஜ் அஞ்சல் தலைவர் வீட்டுச் செய்தியை அவன் ஏற்கெனவே படித்திருந்தானாம்; அந்த இடத்தில் தலையை மட்டும் அசைத்தான். பெரட்டில் எழுந்து நிற்க முடியாதவனுக்குக் கூலி இல்லை என்ற வரி வந்தபோது, திரும்பப் படிக்கச் சொன்னான். முழுவதும் முடிந்ததும், "அவர் சொல்வது நியாயம் அக்கா, நான் அந்தப் பெரியவர் செத்ததை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இருக்கிறவர்களை நினைக்கவில்லை" என்றான். எனக்குத் தெரிந்து அவன் தன் மனத்தைப் பற்றி அவ்வளவு பேசியது அதுவே முதல் தடவை.

அம்மா படுத்திருந்தாலும் காது கூர்மை. நாங்கள் வாசித்ததை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் காலை அவனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, ஆதிசங்கரரும் பட்டினத்தாரும் துறவியான பின்பும் தாய்க்குக் கொள்ளி வைக்க வந்தார்களே, நீ வருவாயா என்று கேட்டார். அவன் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தான். அம்மாவே சற்று நேரம் பொறுத்து, "வர வேண்டாம். மண்டாய்ச் சுடுகாட்டில் அக்கா வைப்பாள். உன் சித்தப்பா மகன்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஆனால் நான் இருக்கிற வரைக்கும் நீ எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும், மாதம் ஒரு தரம் கூப்பிட வேண்டும்" என்றார். அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சரி என்றான். நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஆண்டு இறுதி என்பது இப்போது சித்திரை என்று ஆகியிருக்கிறது. முதலில் காவி இல்லை, தீட்சை இல்லை. ஓராண்டு ஆசிரமத்தில் என்ன வேலை கொடுத்தாலும் செய்துகொண்டு இருந்து பார்ப்பதாக எழுதிக் கேட்டிருக்கிறான். மருந்தகம் இருந்தால் அங்கே போடச் சொல்லிக் கேட்கலாமே என்று சொன்னேன்; எதையும் நானாகக் கேட்கப் போவதில்லை என்றான்.

இரண்டு வாரமாக அலுவலகத்திலிருந்து இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வருகிறான். தன் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், அடுத்து வரப்போகிற இளம் அதிகாரி படிப்பதற்காக, கோப்பில் சேர்க்கும்படி ஒரு பக்கம் எழுதுகிறானாம். படிவத்தில் இல்லாதவற்றை எழுதுவதாகச் சொன்னான். பெயரையோ முகவரியையோ என்னிடம் சொல்லமாட்டான். ஒரு வீட்டில் பகல் பன்னிரண்டுக்கு முன் கதவைத் தட்டக்கூடாது, மகன் இரவு வேலை முடிந்து தூங்குவான். ஒரு தாத்தாவுக்கு இடது காது கேட்காது, வலப்பக்கம் உட்கார வேண்டும். ஓர் அம்மாவிடம் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர் கொடுக்கும் தேநீரைக் குடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் எதையும் சொல்லமாட்டார். மொத்தம் நாற்பத்தொரு குடும்பங்கள். நேற்று இரவு பதினேழாவதை முடித்துவிட்டு வந்து, ஆறிப் போன இடியாப்பத்தைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனான்.